மழைக்காலத்தில் மதுரையிலிருந்து ராமேஸ்வரம்: குடும்பத்தோடு காரில் போக முழுமையான வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகையில் ராமேஸ்வரம் போகலாமா என்று வீட்டில் பேச்செடுத்தால், "இந்த மழையிலயா?" என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். நான் அந்த மழைக்காகவே போகச் சொல்வேன். சித்திரை, வைகாசியில் அதே சாலையில் போனால் இருபுறமும் கருவேல மரமும் வெடித்த கண்மாயும்தான் கண்ணில் படும். வறண்ட சீமை என்று பெயர் வாங்கிய ராமநாதபுரம் பச்சையாக இருப்பது வருடத்தில் இந்த இரண்டு மூன்று மாதம் மட்டும்தான். கண்மாய் நிறைந்து, வயலில் நெல் நின்று, தனுஷ்கோடி மணல் காலைச் சுடாமல், கடல் முழு வேகத்தோடு இருக்கிற காலம் இது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு நாள் பயணத்துக்கு மூன்று நாள் விடுப்பு எடுங்கள். அந்த உபரி நாள் கையில் இருந்தால், எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் தள்ளிக் கிளம்பலாம், தண்ணீர் மறித்தால் காத்திருக்கலாம், கொட்டுகிற மழையில் இரவோடு இரவாக ஓட்டி வர வேண்டியதில்லை. "திங்கட்கிழமை ஆபீசுக்குப் போயே ஆகணும்" என்ற அவசரத்தில்தான் ஆட்கள் ஓடுகிற தண்ணீரில் வண்டியை இறக்குகிறார்கள். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒரு நாள் கையிருப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்வதுதான்.

தேதியைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் கடைசி வரை இருக்கும். அதற்காக எழுபது நாளும் கொட்டாது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகி நெருங்கினால் மூன்று நாள், நான்கு நாள் விடாமல் பெய்யும். பிறகு வானம் வெறித்துவிடும். இரண்டு மழைக்கு நடுவே வரும் அந்த வெறிப்பு நாட்கள்தான் நமக்கு வேண்டியவை. நடுவில் ஒரு மணி நேரம் சடசடவென்று பெய்து ஓய்ந்தால் அது பயணத்துக்கு அழகுதான்.

ஆகவே ஒரே தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் இரண்டு வாய்ப்புகளை ஒதுக்கி வையுங்கள். ஐந்து நாளுக்கு முன்பு ஒரு முறை வானிலை பாருங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு உறுதி செய்யுங்கள்.

கூட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கார்த்திகை பிறந்துவிட்டால் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் சபரிமலை போகும்போதும் திரும்பும்போதும் ராமேஸ்வரம் வருவார்கள்; மகரவிளக்கு வரை பேருந்தும் வேனுமாகத்தான் இருக்கும். அரையாண்டு விடுமுறை அதற்கு மேல். தீபாவளிக் கூட்டம் வடிந்த பிறகு, கார்த்திகை பிறப்பதற்கு முன்பு, வார நாட்களில் போவது என் கணக்கில் முதல் தரம். அமாவாசை அன்று தர்ப்பணம் கொடுக்க வருபவர்களால் அக்னி தீர்த்தக் கரையே நிரம்பிவிடும். அந்தக் காரியத்துக்காகவே போகிறீர்கள் என்றால் தவிர, அன்று வேண்டாம்.

வானிலை அறிவிப்பை எப்படிப் படிப்பது

"மழை வாய்ப்பு 80 சதவீதம்" என்று செல்போன் காட்டுவதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. 80 சதவீத வாய்ப்பில் வருவது தூறலாகவும் இருக்கலாம், ஊரையே மூழ்கடிப்பதாகவும் இருக்கலாம். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாகத் தரும் எச்சரிக்கையைப் பாருங்கள். அதில் கனமழை என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை என்றால் 12 முதல் 20 செ.மீ., அதி கனமழை என்றால் அதற்கும் மேல். மஞ்சள் நிறம் என்றால் கவனத்தோடு கிளம்பலாம். ஆரஞ்சு என்றால் குழந்தையும் முதியவரும் இருக்கும் வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். சிவப்பு என்றால் பேச்சே இல்லை.

மதுரைக்கு மட்டும் பார்த்தால் போதாது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று மூன்று மாவட்டங்களையும் பாருங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் மேகவெடிப்பு போல மழை கொட்டி, ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் பதிவானது. தெருக்களும் வீடுகளும் தண்ணீரில் நின்றன. உங்கள் வீட்டு மாடியில் வெயில் அடிப்பதை வைத்துத் தீவில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

அடுத்தது கூண்டு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் செய்தியில் வந்துவிடும். 1, 2 என்றால் தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று பொருள். 3, 4 என்றால் அந்தத் துறைமுகப் பகுதிக்கே பலத்த காற்று வரக்கூடும். 5-க்கு மேல் போனால் அபாயம். 1 ஏறியதுமே பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை, ஆனால் காலையும் மாலையும் செய்தி பார்க்க வேண்டும். 3 ஏறினால் நான் தேதியைத் தள்ளிவிடுவேன்.

இன்னொரு அறிகுறி உள்ளூரிலேயே கிடைக்கும். கடலில் காற்று பலமாக இருக்கும் என்றால் மீன்வளத் துறை விசைப்படகுகளுக்கு அனுமதி டோக்கன் கொடுக்காது. நீங்கள் அறை போட்டிருக்கும் விடுதிக்குப் போன் செய்து, "அண்ணே, இன்னைக்கு போட்டு கடலுக்குப் போச்சா?" என்று கேளுங்கள். "இல்ல தம்பி, ரெண்டு நாளா டோக்கன் கொடுக்கல" என்று பதில் வந்தால், அந்த நாட்களில் தனுஷ்கோடிக் கனவு வேண்டாம்.

வண்டியை நான்கு நாள் முன்பே பாருங்கள்

கிளம்பும் முந்தைய நாள் மாலையில் பார்த்தால், பழுது தெரிந்தாலும் சரி செய்ய நேரம் இருக்காது.

முதலில் டயர். சட்டப்படி டயரின் பள்ளம் 1.6 மி.மீ. இருந்தால் போதும். தண்ணீர் நிற்கும் நான்கு வழிச்சாலையில் அது போதாது; 3 மி.மீ.-க்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். டயருக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். அவை தேய்ந்துபோனால் வேகத்தில் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பேச்சைக் கேட்காது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்று இருந்தால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது. பள்ளம் நன்றாக இருந்தும் வயது ஆறு, ஏழு ஆகியிருந்தால் ரப்பர் இறுகியிருக்கும். டயர் கடையில் காட்டிக் கேளுங்கள். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

வைப்பர் பிளேடு கோடையில் காய்ந்து விறைத்துப் போயிருக்கும். கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். கோடு கோடாக விட்டால் புதிது மாட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் ஷாம்பு கலந்த தண்ணீர் நிரப்புங்கள், லாரி தெளிக்கும் சேறு வெறும் தண்ணீருக்குப் போகாது. முகப்பு விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் யாரையாவது வெளியே நிற்க வைத்து ஒரு முறை சரிபாருங்கள்.

ஆறு பேர் ஏறிக் கதவைச் சாத்தினால் மழையில் ஐந்தே நிமிடத்தில் முன்கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிடும். உடனே யாராவது துண்டை எடுத்துத் துடைக்க, அது இன்னும் கலங்கும். துடைக்காதீர்கள். ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி, உள்காற்றைச் சுற்றவிடும் பொத்தானை அணைத்து வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். அப்பத்தாவுக்கு ஏ.சி. குளிர் ஆகாது என்றால் அவருக்கு ஒரு சால்வை கொடுங்கள், ஏ.சி.யை மட்டும் நிறுத்தாதீர்கள்.

காப்பீட்டுத் தாளையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்கிற பிரிவு இருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள்.

என்ன எடுத்துப்போவது

குடையைக் குறைத்து மழைக்கோட்டைக் கூட்டுங்கள். தீவில் மழையைவிடக் காற்றுதான் பெரிது. குடை இரண்டாவது நிமிடமே மறுபக்கம் மடங்கிவிடும். குழந்தைக்கு முழங்கால் வரை வரும் பொத்தான் வைத்த கோட்டு நல்லது. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. ஆளுக்கு இரண்டு செட் துணி கூடுதலாக வேண்டும். அறைக்குள் கட்ட ஒரு நைலான் கயிறும் பத்துக் கிளிப்பும் போதும், துணிக் கவலை பாதி தீர்ந்தது.

முதியவர்களின் மாத்திரையைப் பயண நாளைவிட இரண்டு நாளுக்குக் கூடுதலாக, மருத்துவர் சீட்டோடு, நனையாத டப்பாவில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். பின்னால் டிக்கியில் பெட்டிக்குள் வேண்டாம். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கொசு விரட்டி, வாந்தி வரும் பிள்ளைக்கு மருத்துவர் சொன்ன மாத்திரை, நாலைந்து பிளாஸ்டிக் பை. டார்ச் லைட், பவர் பேங்க், வண்டியை இழுக்கக் கயிறு, பழைய துணி, வண்டித் தரையில் விரிக்கச் செய்தித்தாள்.

ரொக்கம் அவசியம். மின்சாரமும் சிக்னலும் ஒன்றாகப் போய்விட்டால் யு.பி.ஐ. வேலை செய்யாது. நூறும் ஐம்பதுமாக மூவாயிரம் ரூபாயாவது பிரித்து வைத்திருங்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் இட்லிப் பொடி தடவிய இட்லியும் போதும். தயிர்சாதம் மதியத்துக்குள் முடிந்துவிட வேண்டும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், அதற்கு மேல் ஒரு பெரிய கேன்.

அறை

கடல் பார்த்த அறை என்ற ஆசையை இந்தப் பருவத்தில் விட்டுவிடலாம். வாடைக்காற்று ஜன்னல் வழியே உப்பு ஈரத்தை உள்ளே கொண்டுவந்து கொட்டும். மூன்று கேள்வி கேளுங்கள். அறை முதல் மாடியிலா, தரைத் தளத்திலா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? போன மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றதா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். முதியவர் இருந்தால் மாடிக்கு லிஃப்ட் இருக்கிறதா, அது ஜெனரேட்டரில் ஓடுமா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தேதி மாற்றினால் முன்பணம் போகாது என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாள்: விடிந்த பிறகே

காரில் நெடும்பயணம் என்றால் அதிகாலை 4 மணிக்குக் கிளம்புவது நம் வீடுகளில் சட்டம் மாதிரி. இந்தப் பருவத்தில் அந்தச் சட்டத்தை மீறுங்கள். வடகிழக்குப் பருவத்தில் கடலோரத்து மழை பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் வலுத்துக் காலை வரை பெய்யும். இருட்டில் சாலையில் நிற்கும் தண்ணீர் கறுப்புத் தாரோடு கலந்து தெரியவே தெரியாது. விடிந்து, அன்றைய அறிவிப்பைப் பார்த்து, இட்லி சாப்பிட்டு, ஆறரை ஏழுக்குக் கிளம்பினால் போதும். மொத்தம் 170 கி.மீ. சொச்சம்தான். மழையில் நின்று நிதானித்துப் போனாலும் மதியச் சாப்பாட்டுக்குத் தீவில் இருப்பீர்கள்.

விரகனூரில் சுற்றுச்சாலையிலிருந்து பிரிந்து சிலைமான், திருப்புவனம் வழியாகப் போகும் இந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை 87. பரமக்குடி வரை நான்கு வழி. சாலை நன்றாக இருப்பதுதான் இங்கே ஆபத்து. மழையிலும் கால் 90-க்கு அழுத்தும். பெய்யும்போது 60-ஐத் தாண்டாதீர்கள். நடுத்திட்டை ஒட்டிய வலது ஓரத்தில், குறிப்பாக வளைவுகளில், தண்ணீர் தேங்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அதில் இறங்கினால் ஸ்டியரிங் அந்தப் பக்கம் வெடுக்கென்று இழுக்கும். அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி தானே நிதானத்துக்கு வரும்.

முன்னே போகும் வண்டியோடு வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். பகலிலும் முகப்பு விளக்கை லோ பீமில் போடுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது, அது வேண்டாம்; பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்றே தெரியாது. எதுவுமே தெரியாத அளவு கொட்டினால் பெட்ரோல் பங்க் அல்லது டீக்கடை முன்பு சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்துங்கள், அப்போது அந்த விளக்கைப் போடுங்கள்.

மழை விட்டதும் கவனம் இன்னும் கூடவேண்டும். ஈரத் தரையில் படுக்கப் பிடிக்காத மாடுகள் தார்ச்சாலைக்கு ஏறிப் படுத்துவிடும். ஆட்டு மந்தைகள் மேட்டைத் தேடிச் சாலைக்கு வரும். ஹாரன் அடித்தால் ஆடு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. நின்று வழிவிடுவதே வேகமான வழி.

முதல் நிறுத்தம் கீழடி. சிலைமானைத் தாண்டிச் சற்று உள்ளே, செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டிய அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. வெளியே மழை பெய்யும் ஒரு மணி நேரத்தை இதைவிட நன்றாகக் கழிக்க முடியாது. வார விடுமுறை நாளை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பாச்சேத்தியில் சுங்கச்சாவடி, ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். மானாமதுரையில் மண்பாண்டம் வாங்குவதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பரமக்குடிக்குப் பிறகு சாலையின் குணம் மாறும். எதிரெதிராக வண்டி வரும் இருவழிச்சாலை. இந்தப் பரமக்குடி–ராமநாதபுரம் பகுதியை நான்கு வழியாக்க 2025-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது. பணி நடக்கும் இடங்களில் வெட்டிய மண் மழையில் சேறாக வழுக்கும். போகலூர் சுங்கச்சாவடி இந்தப் பகுதியில்தான். முந்திச் செல்லும் ஆசையை மதுரைப் பக்கமே முடித்துக்கொள்ளுங்கள். இங்கே லாரிக்குப் பின்னால் போவதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

தண்ணீர் சாலையைத் தாண்டி ஓடினால்

இந்த மாவட்டமே கண்மாய்களால் ஆனது. ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்ததற்குப் போகும், வழியில் சாலை குறுக்கிட்டால் சாலை மேலேயே ஓடும். நெடுஞ்சாலையில் இது அரிது. கூகுள் மேப் ஐந்து நிமிடம் மிச்சம் என்று காட்டும் கிராமச் சாலைகளில்தான் தரைப்பாலங்கள் மூழ்கியிருக்கும். மழைக்காலத்தில் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம்.

அப்படியும் தண்ணீர் எதிர்ப்பட்டால் முதலில் பாருங்கள்: நிற்கிறதா, ஓடுகிறதா? ஓடினால் வண்டி இறங்கக் கூடாது. ஓரடி ஓடும் தண்ணீர் சிறிய காரைத் தூக்கும், இரண்டடி இருந்தால் பெரிய வண்டியையும் கொண்டுபோகும். மேலும், கீழே சாலை அரித்துப் போயிருந்தால் மேலிருந்து தெரியாது. பத்து வண்டி போகிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள், பஸ்ஸின் உயரம் வேறு, உங்கள் காரின் உயரம் வேறு.

நிற்கும் தண்ணீர், எதிரே வரும் கார்களுக்குச் சக்கரத்தின் பாதிக்கும் கீழேதான் இருக்கிறது என்றால் முதல் கியரில், ஒரே வேகத்தில், நடுச்சாலையில் போங்கள். நடுவில் கியர் மாற்றக்கூடாது, நிற்கக்கூடாது. எதிரே லாரி வந்தால் அது தாண்டிய பிறகு இறங்குங்கள். அது எழுப்பும் அலை உங்கள் இன்ஜினுக்குள் போகும். ஒருவேளை நடுவில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருகாதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருக்கும் நிலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் முழுசாகப் போய்விடும். இறங்கித் தள்ளி, மெக்கானிக்கை அழையுங்கள். தாண்டிவிட்டால் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை நாலைந்து முறை லேசாகத் தொடுங்கள், ஈரம் காயும்.

நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இந்த மூன்றையும் எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள்.

ராமநாதபுரத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் நிரப்புங்கள்

இதற்கு மேல் பெரிய ஊர் இல்லை. டேங்க் நிறைய எரிபொருள், ஏ.டி.எம்., மருந்துக்கடை எல்லாம் இங்கேயே முடியட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதும் இங்கேதான். மழை வலுத்தால் சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குள் போய்ச் சுவர் ஓவியங்களைப் பாருங்கள்.

உச்சிப்புளி தாண்டினால் பனங்காடு. மார்கழியை ஒட்டிப் போனால் பனங்கிழங்கு கட்டுக்கட்டாக விற்கும். மண்டபத்தை நெருங்க நெருங்க நிலம் ஒடுங்கும், இடப்பக்கத்திலிருந்து காற்று தள்ளத் தொடங்கும்.

பாம்பன் சாலைப் பாலம், 1988 அக்டோபர் 2-ல் திறந்த அன்னை இந்திரா காந்தி பாலம், 2 கி.மீ.-க்கு மேல் நீளம். வாடை அடிக்கும் நாளில் அதன் உச்சியில் காற்றின் அடி பலமாக இருக்கும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து 40-ல் போங்கள். பாலத்து இணைப்புகளில் இரும்புப் பட்டைகள் உண்டு, ஈரத்தில் அவற்றின் மேல் பிரேக் போட்டால் வழுக்கும். கார் கூரையில் சாமான் கட்டியிருந்தால் மண்டபத்திலேயே கயிற்றை இறுக்கிவிடுங்கள். பாலத்தில் வண்டி நிறுத்தக் கூடாது. எல்லோரும் நிறுத்திப் படம் எடுக்கிறார்களே என்றால், நெரிசலும் விபத்தும் வருவதே அவர்களால்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்கு ரயில் பாலத்தை, பாம்பன் பக்கம் இறங்கி நிதானமாகப் பாருங்கள்.

முதல் நாள் தீவில்

வழியில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். உள்ளே பார்க்கும் இடம் என்பதால் மழைக்கு ஏற்றது. பிறகு அறை, சாப்பாடு, ஓய்வு.

ராமநாதசுவாமி கோயில் மதியம் நடை சாத்திப் பிற்பகல் 3 மணிக்குத் திறக்கும். மழைக்கால மாலையில் அந்த மூன்றாம் பிராகாரத்தில் நடப்பதற்காகவே இந்தப் பயணம் போகலாம். 1212 தூண்கள், வெளியே மழைச் சத்தம், உள்ளே கல் குளிர்ச்சி. குழந்தைகள் தூணை எண்ணத் தொடங்கி விட்டுவிடுவார்கள். 22 தீர்த்தம் ஆடுவதை மறுநாள் காலைக்கு வையுங்கள். தீர்த்தப் பாதை முழுக்கத் தண்ணீர் நிற்கும் கல் தரை. முதியவர் கையை ஒருவர் பிடித்தபடியே நடக்க வேண்டும். ஈரத் துணியோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத் துணி கையோடு இருக்கட்டும். செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது.

எந்தக் கடலில் கால் வைப்பது

தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடக்கு அமைதி, தெற்கு ஆவேசம். சுற்றுலா வருபவர்கள் இதைக் கேட்டுவிட்டு வடக்குக் கரையில் நம்பி இறங்குகிறார்கள். ஆனால் வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று நேராக வடக்குக் கரையைத்தான் அடிக்கும். ஆண்டு முழுக்கக் குளம் போல இருக்கும் பாக் நீரிணை இந்த மாதங்களில் கலங்கிக் கொந்தளிக்கும். காற்று பலமான நாளில் மண்டபம் பக்கத்து அரியமான் கடற்கரையிலும் குளியல் வேண்டாம்.

கிழக்கே பார்த்த அக்னி தீர்த்தத்தில், அன்று அலை தணிந்திருந்து உள்ளூர்க்காரர்களும் இறங்குகிறார்கள் என்றால், முழங்கால் அளவு வரை, படிக்கு அருகில், குழந்தையின் கையைப் பிடித்தபடி. அதுவே போதுமான கடல் குளியல்.

தனுஷ்கோடிக்குக் காலையில் போங்கள்

இரண்டாம் நாள் காலை 7 மணிக்குக் கிளம்புங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. சாலை 2017-ல் திறந்தது. அதற்கு முன்பு ஈரமணலில் வேனில்தான் போக வேண்டும். இன்று சொந்தக் காரில் போகலாம், மாலை 5 மணி வாக்கில் சோதனைச் சாவடியில் அனுமதி நின்றுவிடும். கடல் சீற்றமான நாட்களில் காவல்துறை பகலிலேயே தடுத்துவிடும். தடுத்தால் வாதாடாதீர்கள்.

சாலைக்கு இரண்டு பக்கமும் கடல். இடது பக்கம் அலை எழும்பித் தடுப்புக் கற்களில் மோதும், வலது பக்கம் மன்னார் வளைகுடா பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். காற்று மணலை வாரித் தார் மேல் மேடு போட்டிருக்கும். அதன் மேல் வேகமாக ஏறினால் சறுக்கும். தாரை விட்டு ஒரு சக்கரம்கூட மணலில் இறங்கக் கூடாது. சிக்கினால் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தப் புதைந்துகொண்டே போகும். டயர் காற்றைப் பாதியாகக் குறைத்து, தரை விரிப்பை அடியில் போட்டு, மெதுவாக ஏற்றுவதுதான் வழி.

இடி மின்னல் அறிகுறி இருந்தால் போகவே வேண்டாம். மைல் கணக்கில் மரமோ கட்டடமோ இல்லாத சமவெளியில் நின்றிருக்கும் மனிதர்தான் உயரமான பொருள். போன பிறகு இடி கேட்டால் எல்லோரும் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஓய்ந்த பின் திரும்புங்கள். மின்னல் எச்சரிக்கைக்குத் தாமினி என்ற அரசுச் செயலி உண்டு.

அரிச்சல்முனையில் தண்ணீரில் இறங்கக் கூடாது. இரண்டு நீரோட்டம் சந்திக்கும் முனை அது; கணுக்கால் அளவில் நின்றாலும் காலடி மணலை இழுக்கும். செல்போன் இலங்கை சிக்னலைப் பிடித்துக் கட்டணம் ஏற்றலாம், ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

திரும்பும்போது இடிந்த தேவாலயத்தின் முன்னும், ரயில் நிலையச் சுவர்களின் முன்னும் பிள்ளைகளை நிறுத்தி அந்த ஊர் எப்படிப் போனது என்று சொல்லுங்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஆட்களோடு கடலுக்குப் போனது. சற்றுத் தள்ளியிருக்கும் கோதண்டராமர் கோயில் மட்டும் தப்பி நின்றது. அந்தக் கோயில் அருகே உள்ள நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும். இந்தப் பகுதியை 2025 ஜூனில் தமிழக அரசு பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பைனாகுலர் இருந்தால் எடுத்துப்போங்கள், பறவைகளை நோக்கி நடந்து போகாதீர்கள்.

தீவில் இருக்கும்போது எச்சரிக்கை வந்தால்

சிவப்பு எச்சரிக்கைக்கு இன்னும் ஒரு முழுப் பகல் இருக்கிறது, வானம் தெளிவு என்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மழை ஏற்கெனவே பிடித்துவிட்டது, மாலையாகிவிட்டது என்றால் அறையிலேயே இருங்கள். பாலத்தில் காற்றோடும் இருட்டில் தண்ணீரோடும் போராடுவதைவிட முதல் மாடி அறை பல மடங்கு பாதுகாப்பு. வாளிகளில் தண்ணீர் பிடியுங்கள், எல்லா போனையும் சார்ஜ் போடுங்கள், பிஸ்கட், ரொட்டி, பால் பவுடர் வாங்கி வையுங்கள், காரை மரத்தடியிலிருந்தும் பள்ளத்திலிருந்தும் மேட்டுக்கு மாற்றுங்கள். புயல் வலுவிழந்துவிட்டது என்ற செய்தி கேட்டதும் கிளம்பவும் வேண்டாம். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்த பிறகும் ராமநாதபுரம் கடலோரத்தில் நகராமல் நெடுநேரம் நின்றது. மழை அதற்குப் பிறகும் விடவில்லை.

உபரி நாள் எதற்கு என்பது அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது தெரியும். சீட்டுக்கட்டும் பல்லாங்குழியும் பெட்டியில் இருந்தால் பிள்ளைகளும் கேட்க மாட்டார்கள், "எப்போப்பா போவோம்?" என்று.

வீடு திரும்பியதும்

மறுநாளே வண்டியைக் கழுவக் கொடுங்கள், மேலே மட்டும் இல்லை, லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். தனுஷ்கோடியில் காற்றோடு வரும் உப்பும் மணலும் சக்கர வளைவுக்குள்ளும் சைலன்சர் மேலும் ஒட்டியிருக்கும். விட்டுவைத்தால் அடுத்த கோடைக்குள் துரு தெரியும். ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரம் பாருங்கள். தரை விரிப்புகளை எடுத்து வெயிலில் போட்டு, நான்கு கதவையும் திறந்து வையுங்கள். ஆழமான தண்ணீரில் இறங்கியிருந்தால் கியர் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்; ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உடனே மாற்ற வேண்டும். பிரேக்கில் கரகர சத்தம் கேட்டால் டிரம்மைக் கழற்றி மணலைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.